மூன்று முத்து வைத்த தாலி

சுகுமாரனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு டீச்சர் ஒரு பக்கமாகப் பேசுகிறார் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. ஆள் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், பிரமிளா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூரைக்குள் ஏறிவிடுவான். கெட்டவனாக இருந்திருந்தால் அவள் என்றைக்கோ விரட்டியிருப்பாள். நல்லவனாக இருந்து தொலைத்ததுதான் தொல்லை.

பிரமிளா எனக்குப் பக்கத்து வீடு. சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருபது வருடமாக ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடிக்கும், இரண்டாவது பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவுக்குப் போவாள், இருட்டியபின் திரும்புவாள். அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். தம்பி ஒருவன் ஜொகூரில் இருக்கிறான், தீபாவளிக்குப் போன் செய்வான். அவளுக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரு புருவத்தைத் தூக்கி வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று கேள்வி. சுகுமாரன் விஷயத்தில் மட்டும் அந்தப் புருவம் வேலை செய்யவில்லை.

அவனுக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. ஆயர் ஈத்தாமில் அம்மாவோடு அடுக்குமாடியில் இருக்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பிரமிளா வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான், ஏதாவது பழுது பார்ப்பான், ஐந்து மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். பதினோரு வருடமாக இப்படித்தான். எங்கள் தாமானில் அவனுக்குச் சனிக்கிழமை மாப்பிள்ளை என்று பெயர். பெயர் வைத்தவள் நான்தான் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்றால், அம்மா. "அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. வேற ஜாதிங்குறாங்க. கொஞ்சம் பொறு பிரமி, மனசு மாறுவாங்க." இதை அவன் சொல்லி நானே என் காதால் கேட்டிருக்கிறேன். பிரமிளாவும் பொறுத்தாள். பொறுத்தது மட்டுமா, அந்த அம்மாவின் கண்ணில் படாமல் வாழவும் பழகிக்கொண்டாள். தைப்பூசத்தன்று அந்த அம்மா தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு பந்தலில் மோர் ஊற்றுவார் என்று சுகுமாரன் சொல்லியிருந்தான். இவள் முதல் நாளே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மா லிட்டில் இந்தியா மாரியம்மன் கோயிலுக்கு வருவாராம்; இவள் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாள். புடவைக் கடையில் ஆண்டுக்கொரு முறை மலிவு விற்பனை போட்டாலும் வெள்ளிக்கிழமை என்றால் வேண்டாம் என்பாள். முகம் தெரியாதவர் இல்லை. சுகுமாரன் கைப்பேசியில் அவர் படம் எத்தனையோ உண்டு. தனலெட்சுமி அம்மாள், எழுபத்தாறு வயது, மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி.

முதல் வருடத்திலேயே சுகுமாரன் ஒரு தாலி செய்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். "நம்பிக்கைக்கு நீயே வச்சுக்க. அம்மா சரின்னு சொன்ன அன்னிக்குக் கட்டிடுறேன்." தாலியைப் பெண்ணிடமே கொடுத்து வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிரமிளா அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். எனக்கு ஒரே ஒரு தடவை காட்டினாள். பிறை மாதிரி வளைவு, அதற்குக் கீழே மூன்று சின்னப் பொன் முத்துகள். அவர்கள் வீட்டுத் தாலியின் அமைப்பு அதுதானாம்; அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டு அச்சை எடுத்துப் போய் அடித்தானாம்.

போன வருடம் மோகனராஜ் என்கிற பையன், பையன் என்றால் முப்பத்தைந்து வயது, ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தான். என் பழைய மாணவன். டெலிவிஷனுக்கான படம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மூன்று பிரெஞ்சுக் கதைகள், மூன்றிலும் காதலில் விழுந்த ஒரு பெண். எல்லாவற்றையும் இன்றைய பினாங்கில் நடப்பதுபோல் மாற்ற வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பை என்னிடம் நீட்டி வசனம் எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்றான். எழுதினேன். முதல் கதையில் ஒரு நீதிபதியின் மனைவி மகளின் பியானோ வாத்தியாரை விரும்புகிறாள். எங்கள் படத்தில் அவள் பேங்க் மேனேஜரின் மனைவியாகவும் அவன் நீச்சல் மாஸ்டராகவும் ஆனார்கள். இரண்டாவது கதையின் ரொட்டிக் கடைப் பெண் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். அவள் விரும்பிய சிப்பாய் டிராபிக் போலீஸ்காரன் ஆனான்.

மூன்றாவது கதைதான் வம்பு. ஒரு தையல்காரி. கப்பலில் போனவனுக்காக இருபது வருடம் காத்திருக்கிறாள். அவன் திரும்பி வருகிறான், கல்யாணம் நடக்கிறது. ஒரே வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, பிடித்திருந்தது காத்திருப்புதான், ஆள் இல்லை என்று. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

இந்த வேடத்துக்குப் பிரமிளாவைச் சொன்னது நான். பள்ளி ஆண்டுவிழா, கோயில் திருவிழா என்று எங்கள் வட்டாரத்து நாடகம் எதுவும் அவள் இல்லாமல் நடந்ததில்லை. கண்ணகியாக மேடையில் நின்று சிலம்பைப் போட்டு உடைத்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் பயந்து அழுதார்கள். அந்தக் கதையை மனதில் வைத்துத்தான் அவள் பெயரைச் சொன்னேனா என்று கேட்டால், ஆமாம். கதையைப் படித்தாவது புத்தி வரட்டும் என்று நினைத்தேன்.

புத்தி எனக்குத்தான் வந்தது. வசனத்தைப் படித்துவிட்டு அவள் மோகனராஜிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"தம்பி, இருபது வருஷம் காத்திருந்தவ ஒரே வாரத்துல வேணாம்னு போவாளா? இந்தக் கதைய எழுதுன ஆளு ஆம்பளதானே?"

"ஆமாக்கா."

"அதான். ஒருத்தனுக்காகக் காத்திருக்குறது என்னன்னு அவருக்குத் தெரியல லா."

ஆனாலும் நடிக்க ஒத்துக்கொண்டாள். ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள்; எனக்கும் பள்ளி விடுமுறை. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜபருல்லா என்பவரின் தையல் கடையில் படப்பிடிப்பு. அவர் நல்ல மனிதர். காலையில் எல்லோருக்கும் தே தாரிக் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, வயரை மிதிக்காதே, துணியை இழுக்காதே என்று மாலை வரை எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் உடை, நகை, பூ எல்லாம் காட்சிக்குக் காட்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.

கல்யாணக் காட்சி வியாழக்கிழமை. காட்சியின் தொடக்கத்தில் ஒரு தட்டு. தேங்காய், மஞ்சளரிசி, அதன் மேல் தாலி. கேமரா அந்தத் தாலியை நெருங்கி நெருங்கிப் போய் நிற்க வேண்டும் என்று மோகனராஜுக்கு ஆசை. கடையில் வாங்கி வைத்திருந்த முலாம் பூசிய தாலியைக் கேமராவில் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், இது என்ன பிஸ்கட் மாதிரி இருக்கு?"

நகைக் கடைக்கு ஓடிப்போய் வாங்க அவனிடம் வசதி இல்லை. வந்திருந்த பெண்களிடம் கேட்கலாமா என்று பார்த்தான். எந்தப் பெண் கழுத்தில் இருப்பதைக் கழற்றிச் சினிமாவுக்குக் கொடுப்பாள்? ஒப்பனைக்கு வந்திருந்த ரூபினி தன் தாலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விட்டாள்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றாள் பிரமிளா.

நான் அவளைத் தனியாக இழுத்துப் போனேன். உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"கழுத்துல யாரும் கட்டப் போறதில்ல டீச்சர். கட்டுற சீனுக்கு அந்தப் பிஸ்கட்டே போதும். இது தட்டுல மட்டும். நானே வைப்பேன், நானே எடுப்பேன். வேற யாரு கையும் படக் கூடாது."

"சுகுமாரன்கிட்ட கேட்டியா?"

"நேத்தே போன்ல சொன்னேன். அவரு ஆபீஸ்ல ஏதோ பிசி. சரி சரின்னாரு."

அவன் காதில் வாங்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். நேற்றே சொன்னாள் என்றால் நேற்றே பையில் எடுத்து வைத்திருக்கிறாள். அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று வந்திருக்கிறாள். பதினோரு வருடமாக முருகன் படத்துக்குப் பின்னால் கிடக்கிற தாலி, ஒரு தடவையாவது நாலு பேர் கண்ணில் படட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. போ, வை என்றேன்.

வைத்தாள். கேமரா நெருங்கிப் போயிற்று. அந்த மூன்று முத்தும் மஞ்சளரிசி மேல் அத்தனை அழகாக விழுந்திருந்தன. ஆறு முறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவளே தொட்டுச் சரிசெய்தாள்.

டெலிவிஷனில் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிறு காலை, ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தை எடுத்து மோகனராஜ் படத்தைப் போட்டுக் காட்டினான். ஒரு பக்கம் பசியாற இட்லியும் மீகூன் சேமியாவும், ஒரு பக்கம் திரை. முந்நூறு நாற்காலி நிரம்ப வேண்டுமே என்று ஊரில் உள்ள கோயில் மாதர் குழுக்களையெல்லாம் அழைத்திருந்தான். பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். சுகுமாரன் வரவில்லை. கப்பல் வருகிறது, வேலை இருக்கிறது என்றான். எந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்குக் கப்பல் வரவில்லை?

நானும் பிரமிளாவும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், நாலாவது வரிசை. ரெண்டு மூக்குத்தி."

பார்த்தேன். தனலெட்சுமி அம்மாள்தான். மாதர் குழுவோடு வந்திருக்கிறார். பிரமிளா எழுந்து போய்விடப் பார்த்தாள். நான் விடவில்லை. "படத்துல நடிச்சது நீ. நீ ஏன் எழுந்து போகணும்? உக்காரு," என்றேன்.

முதல் கதை ஓடியது. இரண்டாவதில் டிராபிக் போலீஸ்காரன் சம்மன் எழுதும் காட்சியில் மண்டபமே சிரித்தது. மூன்றாவதில் கல்யாணக் காட்சி வந்தது. தட்டு வந்தது, தாலி வந்தது, திரை முழுக்க மூன்று முத்து. மோகனராஜ் எல்லாவற்றையும் யோசித்தான், நான் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஆனால் முந்நூறு தமிழ்ப் பெண்களுக்கு முன்னால் ஒரு தாலியை ஆளுயரத்துக்குக் காட்டினால் அவர்கள் கதையைப் பார்க்க மாட்டார்கள், இது எந்த வீட்டுத் தாலி என்றுதான் பார்ப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இருட்டில் நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏ, இது எங்க வீட்டுத் தாலி!"

யாரோ உஸ் என்றார்கள். அந்த அம்மா அடங்கவில்லை. "எங்க வீட்டுதுன்னா! மூணு முத்து பாரு!"

படம் முடிந்து கைதட்டி, மாலை போட்டு, போட்டோ எடுத்து எல்லாம் ஆயிற்று. நாங்கள் வாசலுக்குப் போவதற்குள் அவர் வந்துவிட்டார். கையில் ஊன்றுகோல், நடை மட்டும் வேகம். பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா நடிச்சம்மா. அழ வச்சிட்ட. ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சுக்காத. அந்தத் தாலி எங்கேர்ந்து வந்துச்சு? எங்க மாமனாரு இங்க பெனாங்குல பத்தரு வச்சு அடிச்ச அச்சு அது. வேற ஒரு வீட்டுக்கும் கிடையாது. என் கழுத்துல பாரு."

காட்டினார். பிறை, மூன்று முத்து. தேய்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"அச்சு எங்கிட்டதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு அண்ணன் தம்பிக்கெல்லாம் பொண்ணுங்கதான். மிச்சம் என் மகன் ஒருத்தன். அவன் கட்டுனாத்தானே இனி இந்தத் தாலி? நாப்பத்தொம்பது வயசாச்சு, வேணாங்கிறான். எத்தன பொண்ணு பாத்தேன் தெரியுமா? யாராச்சும் மனசுல இருக்காளாடா, சொல்லு, நான் போயிக் கேக்குறேன், சீனத்தியா இருந்தாலும் பரவாலன்னு கூடச் சொல்லிட்டேன். அதெல்லாம் யாரும் இல்லம்மாங்கிறான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிரமிளாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

"அம்மா," என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "அத சுகுமாரன் எனக்குக் குடுத்தாரு. பதினோரு வருஷமாச்சு."

அந்த அம்மாவின் கை தன் கழுத்துத் தாலிக்குப் போயிற்று.

"வேற ஜாதின்னு நீங்க ஒத்துக்கலன்னு சொன்னாரு. அதான் நான் ஒங்க முன்னாடி வரல."

"நானா? நான் சொன்னேன்னா சொன்னான்?" பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒன் பேரே தெரியாதேம்மா. ஜாதி பாத்துக்கிட்டு இருந்தா நான் பேரப்புள்ளயப் பாக்க முடியுமா?"

பிறகு கையை உயர்த்தி அவள் கன்னத்தைத் தொட்டார். "இவ்ளோ நாளா எங்கம்மா இருந்த?"

மாதர் குழுவின் பஸ் ஹாரன் அடித்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா, பேசி முடிச்சிடலாம், அவன நான் பாத்துக்குறேன் என்று சொல்லிக்கொண்டே போனார். பிரமிளா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில் பாலம் முழுவதும் அவள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் காடி ஓட்டிக்கொண்டே சுகுமாரனைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் தீர்ந்து, மலாய்க்குப் போய், அதுவும் தீர்ந்தது.

நான்கு மணிக்கு அவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தது அதுதான் முதல் தடவை. வாழைப்பழம் இல்லை. எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் எழுந்து போவேன் என்று எதிர்பார்த்தான். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அம்மா போன் பண்ணாங்க," என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். "அதான் அம்மாவே சரின்னுட்டாங்கல்ல. இனி என்ன? ஒரு நல்ல நாளாப் பாத்து முடிச்சிடலாம் லா."

"அவங்க என்னிக்கு மாட்டேன்னு சொன்னாங்க?" என்று பிரமிளா கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான்.

"டீச்சரப் பாக்காதீங்க. என்னிக்கு?"

"சொல்லல. நான் கேக்கல."

"ஏன்?"

அவன் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். பொய் சொல்ல யோசித்தான் என்று நினைத்தேன். அவன் சொன்னது பொய்யில்லை. "இப்படியே நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, பிரமி."

அவனுக்கு நன்றாகத்தான் போயிற்று. ஆறு நாள் அம்மா கைச் சாப்பாடு, ஒரு நாள் இவள் கைச் சாப்பாடு. எந்தப் பக்கமும் ஒரு கேள்வி கிடையாது. பாத்திரத்தைத் தூக்கி அவன் மேல் எறியலாமா என்று எனக்கு இருந்தது.

பிரமிளா சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணியை எடுத்து வந்து அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"நீயே வச்சுக்க. வெள்ளிக்கிழம..."

"நான் ஒங்க அம்மாவ எதுவும் கேக்கல. ஒங்களத்தான் கேட்டேன். பதினோரு வருஷமா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்." அவள் புருவம் தூக்கினாள். "எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனான். காடி திருப்பத்தில் மறையும் வரை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். இனி அவள் அழுவாள், அந்த ஆளுக்கா அழுகிறாய், அவன் மூஞ்சிக்கு இத்தனை வருடம் சமைத்துப் போட்டதே அதிகம் என்று சொல்ல வேண்டும் என்று வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. டீ போட்டாள். எனக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அவங்க என் கன்னத்தத் தொட்டாங்கல்ல."

"ஆமா. நல்ல மனுஷி."

"போன வருஷம் நெஞ்சு வலின்னு அவங்கள ஆஸ்பத்திரில சேத்தாங்க. மூணு நாளு ஐசியூல இருந்தாங்க. இவரு போன் பண்ணி அழுதாரு." கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்த மூணு நாளும் நான் மாடத்துல வெளக்கேத்தி வச்சு வேண்டிக்கிட்டேன். அவங்க பொழச்சு வரணும்னு இல்ல டீச்சர்."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.